ஆஸ்திரேலியப் பத்திரிகைகளின் புத்தகச் செய்திகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இது: மெல்பர்னுக்கு வந்து இரண்டு வருடமாகிறது, இந்த ஊர் எழுத்தைப் படிக்கலாம் என்று சனிக்கிழமைப் பத்திரிகை வாங்குகிறீர்கள். புத்தகப் பக்கத்தில் வருகிற எல்லாப் புத்தகமும் அருமையான புத்தகமாக இருக்கிறது. செய்திப் பக்கத்துக்கு வந்தால், எழுத்தாளர் என்றாலே அரசுப் பணம், சண்டை, ரத்து. எதை நம்பிப் புத்தகம் வாங்குவது, அரசாங்கம் காசு கொடுத்து எழுத வைக்கிறது என்று அலுவலகத்தில் சொல்கிறார்களே, அது நிஜமா என்று கேட்கிறீர்கள். இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. ஒரே பத்திரிகை பின்பக்கங்களில் ஒரு குரலிலும் முன்பக்கங்களில் இன்னொரு குரலிலும் பேசுகிறதே, எந்தக் குரலை எப்படிக் கேட்பது என்பதுதான் உங்கள் சந்தேகம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில், பொது நூலகத்துக்குப் புத்தகம் வாங்கும் வேலையில் பதினேழு வருடமாக இருக்கிறேன். வாராவாரம் மதிப்புரைப் பக்கங்களைப் படித்து, வாங்க வேண்டியதைக் குறிப்பது அந்த வேலையில் ஒரு பகுதி. பேப்பர் படிப்பதற்குச் சம்பளம் வாங்கும் அதிர்ஷ்டசாலி என்று வீட்டில் கேலி செய்வார்கள். பத்திரிகை அலுவலகத்துக்குள் நான் வேலை பார்த்ததில்லை, எந்த நிதிக்குழுவிலும் உட்கார்ந்ததில்லை. ஆகவே இலக்கியப் பக்க ஆசிரியரின் மேசையில் நடப்பதைப் பற்றி நான் சொல்வது வெளியே நின்று பார்ப்பவனின் ஊகம். பணம், தேதி, பரிசு பற்றிச் சொல்வது பதிவில் இருப்பது.

முதலில் மதிப்புரைப் பக்கம். சிட்னி மார்னிங் ஹெரால்டு 1831இல் தொடங்கியது, உங்கள் ஊரின் ஏஜ் 1854இல். இரண்டையும் வைத்திருந்த ஃபேர்ஃபாக்ஸ் நிறுவனத்தை 2018இல் நைன் தொலைக்காட்சிக் குழுமம் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பே, ஃபேர்ஃபாக்ஸ் காலத்திலேயே, சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் கான்பரா டைம்ஸுக்கும் சேர்த்து ஒரே மதிப்புரையைப் போடும் வழக்கம் வந்துவிட்டது. வாசகர் கண்ணுக்கு இது தெரியாது, கையில் இருக்கும் பக்கம் முழுசாகத்தானே இருக்கிறது. ஆனால் ஒரு நாவலுக்கு முன்பு மூன்று ஊரில் மூன்று அபிப்பிராயம் கிடைத்திருக்கும், ஒருவர் தூக்கிவைத்தால் இன்னொருவர் போட்டு உடைப்பார். இப்போது ஒருவர் சொன்னதே ஊர் முழுக்கப் பேச்சு. தேசியப் பத்திரிகை என்று பார்த்தால் மர்டாக் குழுமத்தின் ‘தி ஆஸ்திரேலியன்’, அதன் வார இறுதி இணைப்பு. 2013இலிருந்து கார்டியனின் ஆஸ்திரேலியப் பதிப்பு. இரண்டரைக் கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் நாட்டுக்கு அன்றாடப் பத்திரிகை மதிப்புரை என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான்.

எல்லாம் ஏன் பாராட்டாகவே இருக்கிறது? உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்று: இங்கே மதிப்புரை எழுதுகிறவர்களில் பெரும்பகுதியினர் தாங்களும் புத்தகம் எழுதுகிறவர்கள். இன்று நீங்கள் மதிப்பிடுகிறவர் அடுத்த வருடம் உங்களுக்கு நடுவராக உட்காரலாம், எழுத்தாளர் விழாவில் பக்கத்து நாற்காலியில் இருக்கலாம். அதனால்தான் கத்தி மழுங்குகிறது என்பது இங்குள்ள விமர்சகர்களே பலமுறை வைத்த குற்றச்சாட்டு. அதை நிரூபிக்க வழியில்லை. நானும் நம்புகிறேன் என்பதற்கு மேல் சொல்லமாட்டேன். ‘தி சாட்டர்டே பேப்பர்’ 2014இல் தொடங்கியபோது புத்தக மதிப்புரைகளுக்குக் கீழே எழுதியவர் பெயரைப் போடாமல் வெறும் இனிஷியலைப் போட்டது. பெயர் தெரியாவிட்டால் மனசில் பட்டதை எழுதுவார்கள் என்பது கணக்கு. பொறுப்பேற்காத விமர்சனம் என்ன விமர்சனம் என்று எழுத்துலகில் எதிர்ப்பு கிளம்பியது, பிற்பாடு அந்த வழக்கம் போனது. முகமூடி போட்டுப் பார்த்தார்கள் என்பதே, ஊர் எவ்வளவு சின்னது என்று அவர்களுக்கும் தெரியும் என்பதற்குச் சாட்சி.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. பேட்ரிக் வைட் 1955இல் எழுதிய ‘தி ட்ரீ ஆஃப் மேன்’ நாவலை மறுவருடம் ஹெரால்டில் மதிப்பிட்ட கவிஞர் ஏ. டி. ஹோப், அதன் நடையைப் பகட்டான, எழுத்தறிவில்லாத சொற்சேறு என்றார். 1973இல் வைட்டுக்கு நோபல் பரிசு வந்தது. அந்த நாவலைப் புரட்டியே பார்க்காதவர்களுக்கும் இங்கே ஹோப்பின் ‘சேறு’ தெரியும், வைட்டும் கடைசிவரை மறக்கவில்லை. ஹோப் சொன்னது தப்பு என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் வைட்டின் வாக்கியங்கள் எங்கே கரடுமுரடாகின்றன என்று அந்த ஒரு வரியிலிருந்து எனக்குத் தெரிந்தது, பத்துப் பாராட்டுரையிலிருந்து தெரிந்திருக்காது.

மதிப்புரையைப் படிக்க என் வழி சொல்கிறேன். அறுநூறு சொல்லில் எழுதிய மதிப்புரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசி கதைச்சுருக்கம். ஒரு பத்தி எழுத்தாளரின் முந்தைய புத்தகங்கள். கடைசிப் பத்தி பதிப்பாளர் அடுத்த அச்சின் அட்டையில் எடுத்துப் போட வசதியாக ஒரு புகழ்ச்சி. அதற்கு முந்தின பத்தியில்தான் ‘ஆனால்’ வரும். ‘ஆனால் நடுப்பகுதி சற்று நீள்கிறது’, ‘ஆனால் துணைப் பாத்திரங்களுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம்’ என்று பணிவாக. நான் பென்சிலால் அந்த ‘ஆனால்’ஐ வட்டமிடுவேன். நடுப்பகுதி நீள்கிறது என்றால் நூறு பக்கத்தில் கீழே வைத்துவிட்டார் என்று அர்த்தம். வட்டமிட ஒன்றும் கிடைக்காத மதிப்புரை இரண்டு வகை: உண்மையிலேயே மயங்கி எழுதியது, புத்தகத்தைச் சரியாகப் படிக்காமல் எழுதியது. மயங்கியவர் ஒரு குறிப்பிட்ட காட்சியைச் சொல்வார், படிக்காதவர் ‘ஆழமான’, ‘நுட்பமான’ என்பார். இந்தச் சோதனை தமிழ் மதிப்புரைகளுக்கும் வேலை செய்கிறது, போட்டுப் பாருங்கள்.

புத்தகப் பக்கத்தைப் பற்றி அபிப்பிராயமாக இல்லாமல் எண்ணிக்கையாகச் சொல்ல முடிந்த விஷயம் ஒன்று உண்டு. இங்கே நாவலுக்கான மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருதின் குறும்பட்டியல் 2009இலும் 2011இலும் முழுக்க ஆண்களாகவே இருந்தது. விருதை நிறுவிய மைல்ஸ் ஃபிராங்க்ளின் ஒரு பெண், ஆண் பெயர் போலத் தெரியும் பெயரில் எழுதியவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோபத்தில் பிறந்தது பெண் எழுத்தாளர்களுக்கான ஸ்டெல்லா விருது, முதல் விருது 2013இல். அதே அமைப்பு வருடாவருடம் பத்திரிகைகளை எடுத்துவைத்து, யாருடைய புத்தகத்துக்கு மதிப்புரை வந்தது, யார் எழுதினார்கள் என்று எண்ண ஆரம்பித்தது. ஆரம்ப வருடங்களில் பெரும்பாலான பத்திரிகைகளில் ஆண்களின் புத்தகங்களுக்கே அதிக இடம் கிடைத்திருந்தது வெட்டவெளிச்சமானது. எண்ணிக்கையை வெளியிட்டதும் பக்க ஆசிரியர்கள் கூச்சப்பட்டார்கள், நிலைமை மெல்ல மாறியது. எங்கள் நூலகத்தில் அதிகம் இரவல் போகும் உள்ளூர் நாவல்கள் பெண்கள் எழுதியவை, அது எங்களுக்கு முன்பே தெரியும்.

அப்புறம் முன்பக்கம். புத்தகப் பக்கத்தில் சாதுவாக இருக்கும் அதே பத்திரிகைக்குச் செய்திப் பக்கத்தில் பல் முளைத்துவிடும். ஹெலன் டெமிடென்கோ என்ற பெயரில் எழுதிய இளம்பெண்ணின் நாவல் கையெழுத்துப் படியாக 1993இல் ‘ஆஸ்திரேலியன்’ பத்திரிகையும் வோகல் ரொட்டி நிறுவனமும் சேர்ந்து நடத்திய பரிசை வென்றது, 1995இல் மைல்ஸ் ஃபிராங்க்ளினையும் வென்றது. உக்ரேனியக் குடும்பத்து நினைவுகளிலிருந்து எழுதியதாகப் பேட்டி கொடுத்தார். பிரிஸ்பேனின் கூரியர்-மெயில் நிருபர் டேவிட் பென்ட்லி அந்த ஆண்டு ஆகஸ்டில் உண்மையைப் போட்டார்: நிஜப் பெயர் டார்வில், பெற்றோர் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். இலக்கியம் தெரிந்த நடுவர்கள் இரண்டு சுற்றில் கேட்காத கேள்வியை ஒரு நிருபர் கேட்டார். ஜோர்டானில் நடந்த கௌரவக் கொலை என்று லட்சக்கணக்கில் விற்ற நினைவுக்குறிப்பு கட்டுக்கதை என்று 2004இல் வெளிக்கொண்டுவந்தது சிட்னி ஹெரால்டு. எழுதியவர் வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்தது சிகாகோவில்.

எனக்குப் பிடித்த விஷமம் 2006இல் நடந்தது. வைட்டுக்கு நோபல் கிடைத்த ஆண்டு வெளிவந்த நாவலின் ஓர் அத்தியாயத்தைத் தலைப்பையும் பாத்திரப் பெயர்களையும் மாற்றி, ‘ரைத் பிக்கெட்’ என்று பெயர் போட்டு, பன்னிரண்டு பதிப்பாளர்களுக்கும் முகவர்களுக்கும் அனுப்பியது ‘ஆஸ்திரேலியன்’. பேட்ரிக் வைட் என்பதன் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் வரும் பெயர்தான் அது. பத்துப் பேர் வேண்டாம் என்றார்கள், இரண்டு பேர் பதிலே போடவில்லை. நல்ல செய்திதான். ஆனால் நாவலிலிருந்து ஓர் அத்தியாயத்தை மட்டும் உருவி, 1973இன் நடையை 2006இன் சந்தைக்கு அனுப்பினால் நிராகரிப்பு வருவது அதிசயமா? இந்தக் கதையை இன்றும் பதிப்பகத்தாரின் முட்டாள்தனத்துக்கு ஆதாரமாகச் சொல்கிறார்கள். எனக்கு அது, புத்தகம் எப்போது முன்பக்கத்துக்கு வரும் என்பதற்கே ஆதாரம். யாராவது ஏமாந்திருக்க வேண்டும், அல்லது யாராவது யாருடைய பணத்தையாவது எடுத்திருக்க வேண்டும்.

பத்திரிகையும் இந்த ஆட்டத்தில் ஒரு கை என்பதை மறக்காதீர்கள். வோகல் பரிசை 1980இலிருந்து நடத்தியது ஒரு பத்திரிகை. ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகமும் ‘ஆஸ்திரேலியன்’ பத்திரிகையும் ஒரே மர்டாக் குழுமத்தின் சொத்து. ஏஜ் 1974இலிருந்து வருடத்தின் சிறந்த புத்தகத்துக்குப் பரிசு கொடுத்து, 2012க்குப் பிறகு நிறுத்தி, 2021இல் காப்பிரைட் ஏஜென்சியின் கலாச்சார நிதி உதவியோடு மறுபடி தொடங்கியது. காப்பிரைட் ஏஜென்சி என்பது பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் நகலெடுப்பதற்குக் கட்டும் பணத்தை வசூலித்து எழுதியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு. கார்டியனில் ஆஸ்திரேலியப் புத்தகங்களுக்கு வந்த மதிப்புரை வரிசை ஒன்றுக்கும் அதே நிதி உதவியது, கட்டுரைக்குக் கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். இதில் ஊழல் எதுவும் இருப்பதாக நான் சொல்லவில்லை. விளம்பர வருமானம் போன பிறகு இந்த மாதிரி முட்டுக் கொடுக்காமல் புத்தகப் பக்கம் நிற்காது. யார் முட்டுக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு படியுங்கள், அவ்வளவுதான்.

சரி, அரசுப் பணம். அலுவலகத்தில் சொல்வது போல அரசாங்கம் யாருக்கும் மாதச் சம்பளம் கொடுத்து எழுத வைப்பதில்லை. ஆஸ்திரேலிய மத்திய அரசின் ‘காமன்வெல்த் இலக்கிய நிதி’ 1908இல் தொடங்கியபோது அது ஓய்வூதியம்: வயதாகி வறுமையில் இருந்த எழுத்தாளருக்கும், இறந்துபோன எழுத்தாளரின் குடும்பத்துக்கும் கொஞ்சம் பணம். 1939இல்தான் விரிவாக்கி, ஒரு புத்தகத்தை எழுதி முடிக்க ஒருவருக்கு நல்கை என்று கொடுக்க ஆரம்பித்தார்கள். அரசியல்வாதிகளே குழுவில் உட்கார்ந்திருந்தார்கள். சண்டையும் கூடவே வந்தது. 1952இல் நாடாளுமன்றத்தில், பொதுவுடைமைக்காரர்களுக்குப் பணம் போகிறது என்று இரு கட்சியிலிருந்தும் உறுப்பினர்கள் எழுந்து பேச, பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். பிரதமர் மென்ஸீஸ் விண்ணப்பித்தவர்களின் பெயர்களை உளவுத்துறை சரிபார்க்கும்படி ஏற்பாடு செய்தார். இன்று நீங்கள் படிக்கும் ‘இவருக்கா நம் வரிப்பணம்?’ என்கிற தலைப்புக்கு எழுபது வயதுக்கு மேலாகிறது.

பிரதமர் விட்லம் ஆட்சியில், 1973இல், இலக்கியத்துக்குத் தனி வாரியம் வந்தது. எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படித்து, அமைச்சரின் கை படாமல் முடிவு செய்வது என்ற முறை அதிலிருந்து வேரூன்றியது. கலைகளுக்கு மத்திய அரசின் பணத்தைப் பிரித்துக் கொடுக்க ஆஸ்திரேலியா கவுன்சில் என்ற பெயரில் இயங்கிய அமைப்பு 2023இலிருந்து கிரியேட்டிவ் ஆஸ்திரேலியா. அதற்குள் இலக்கியத்துக்கென்று ‘ரைட்டிங் ஆஸ்திரேலியா’ 2025 ஜூலையில் தொடங்கியது. நல்கை கிடைத்தால் ஒரு புத்தகத்துக்கு, ஒரு காலகட்டத்துக்கு. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்காது. மக்வாரி பல்கலைக்கழகம் 2022இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, எழுத்திலிருந்து மட்டும் ஓர் ஆஸ்திரேலிய எழுத்தாளருக்கு ஆண்டுக்குச் சராசரியாக வருவது 18,200 டாலர். 2015இல் அதே குழு எடுத்த கணக்கில் 12,900. இங்கே முழுநேர வேலையில் இருப்பவர் அந்தப் பதினெட்டாயிரத்தைச் சராசரியாக மூன்று மாதத்துக்குள் சம்பாதித்துவிடுவார். சராசரி என்பதால் லட்சங்களில் விற்கிற சிலரும் அதற்குள் இருக்கிறார்கள். பெரும்பாலோரின் நிலை அதற்கும் கீழே.

நிதிச் செய்தி வந்தால் நான் முதலில் பார்ப்பது, அது புதுப் பணமா, ஒரு சட்டைப்பையிலிருந்து எடுத்து இன்னொரு சட்டைப்பையில் வைத்த பணமா என்பது. 2014 டிசம்பரில் பிரதமர் டோனி அபட் ‘புக் கவுன்சில் ஆஃப் ஆஸ்திரேலியா’ என்று ஒரு புது அமைப்பை அறிவித்தார், மூன்றாண்டுக்கு 60 லட்சம் டாலர். தலைப்பைப் படித்தவர்கள் இலக்கியத்துக்கு 60 லட்சம் வந்தது என்று நினைத்தார்கள். வந்தது ஆஸ்திரேலியா கவுன்சிலிடமிருந்து எடுத்த பணம், அதாவது ஏற்கெனவே கலைக்கென்று இருந்த பணம். ஒரு வருடம் கழித்து, அமைப்பு ஒழுங்காக வேலையைத் தொடங்குவதற்குள், அதையே ரத்து செய்தார்கள். எடுத்த பணம் கவுன்சிலுக்குத் திரும்பவில்லை. ஆக, ‘புது அமைப்பு’ என்று வந்த செய்தியும் ‘ரத்து’ என்று வந்த செய்தியும் தனித்தனியே உண்மை, இரண்டையும் கூட்டினால் கலைக்கு 60 லட்சம் நஷ்டம். இந்தக் கூட்டலைத் தலைப்பில் போட்ட பத்திரிகை எதையும் நான் அப்போது பார்க்கவில்லை, உள்ளே பத்தாவது பத்தியில் தேட வேண்டியிருந்தது.

அதே டிசம்பரில்தான் பிரதமரின் இலக்கிய விருது தகராறும். நடுவர்கள் பரிந்துரைப்பார்கள், கடைசி முடிவு பிரதமருடையது என்பது அப்போதைய விதி. புனைவுக்கான விருதை அபட் இரண்டாகப் பிரித்து ரிச்சர்ட் ஃபிளானகனுக்கும் ஸ்டீவன் கரோலுக்கும் கொடுத்தார். குழு தேர்ந்தது கரோலைத்தான் என்று நடுவர்களில் ஒருவரான கவிஞர் லெஸ் மர்ரே வெளியே வந்து சொன்னார். ஃபிளானகன் தன் பங்கான 40,000 டாலரைப் பழங்குடிப் பிள்ளைகளின் வாசிப்புக்காக இயங்கும் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். இதில் கரோல், ஏஜ் பத்திரிகையின் சிறு மதிப்புரைப் பத்தியில் பல வருடமாகப் பிறர் புத்தகங்களைப் பற்றி எழுதிவருகிறவர். ஊர் சின்னது என்றேனே!

தொகையை விடத் தொகை எத்தனை வருடத்துக்கு என்பது முக்கியம். 2015 பட்ஜெட்டில் அமைச்சர் ஜார்ஜ் பிராண்டிஸ் ஆஸ்திரேலியா கவுன்சிலிடமிருந்து சுமார் 10.5 கோடி டாலரை எடுத்துத் தன் அமைச்சகத்தின் கீழ் ஒரு திட்டத்தில் வைத்தார். அது நான்கு வருடக் கணக்கு. எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் மொத்தத் தொகையையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் காயம் பட்டது சிறு பத்திரிகைகளுக்கும் சிறு அமைப்புகளுக்கும்: 2016இல் பல அமைப்புகள் பல்லாண்டு நிதியை இழந்தன. 1940இல் பிரிஸ்பேனில் தொடங்கிய மியாஞ்சின் என்ற இலக்கியக் காலாண்டிதழும் அவற்றில் ஒன்று. பிடுங்கிய பணத்தில் பெரும்பகுதி 2017இல் திரும்பி வந்தது, அந்தச் செய்தி உள்பக்கத்தில் சின்னதாக. 2025 செப்டம்பரில் மியாஞ்சினை நிறுத்துவதாக அதன் பதிப்பகம் அறிவித்தபோது எல்லாப் பத்திரிகையிலும் அஞ்சலி. இத்தனை பேர் அந்த இதழை நேசித்தார்களா என்று எனக்கு ஆச்சரியம். எங்கள் நூலகத்தில் அதைத் தவறாமல் எடுத்துப் படித்தவர்கள் மூன்றே பேர்.

சின்னத் தொகைக்கும் பெரிய தலைப்பு கிடைக்கும். குயின்ஸ்லாந்தில் கேம்ப்பெல் நியூமன் 2012இல் முதல்வரானதும் முதல் வேலைகளில் ஒன்றாக மாநில இலக்கிய விருதை ரத்து செய்தார். மிச்சம் சுமார் இரண்டரை லட்சம் டாலர், ஒரு மாநில பட்ஜெட்டில் அது சாலையோரம் புல் வெட்டும் காசு. எழுத்தாளர்களும் வாசகர்களும் சேர்ந்து தன்னார்வமாக அதே ஆண்டு விருதைத் தொடர்ந்து நடத்திக் காட்டினார்கள். இதற்கு எதிர்ப்பக்கம் டிரோவ். பழைய பத்திரிகைகளை எண்மமாக்கித் தேசிய நூலகம் இலவசமாகத் தருகிற தளம் அது, பணம் 2023 நடுவில் தீர்ந்துவிடும் என்ற நிலை வந்தது. வாசகர்கள் கொதித்தெழுந்த பிறகு நான்கு வருடத்துக்கு 3.3 கோடி டாலர், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் 92 லட்சம் என்று ஒதுக்கினார்கள். முதல் தொகையைவிட இரண்டாவது வாக்கியம்தான் பெரிய செய்தி, அது நிரந்தரம்.

இத்தனைக்கும் நடுவில், எழுத்தாளர்களுக்கு வருடந்தவறாமல் போகும் ஒரு பணத்தைப் பற்றிப் பத்திரிகையில் அநேகமாக வராது. நூலக இரவல் உரிமைத் தொகை, 1970களின் நடுவிலிருந்து இருக்கிறது. பெயர்தான் இரவல், கணக்கு இரவலுக்கு இல்லை. நாட்டின் பொது நூலகங்களில் ஒரு புத்தகத்தின் எத்தனை பிரதி இருக்கிறது என்று மாதிரிக் கணக்கெடுத்து, குறைந்தது 50 பிரதி இருந்தால் பிரதிக்கு இரண்டு டாலர் சொச்சம் எழுத்தாளருக்கு, அதைவிடக் குறைவாக ஒரு தொகை பதிப்பாளருக்கு. பள்ளி, பல்கலைக்கழக நூலகங்களுக்கு இதே மாதிரி ஏற்பாடு 2000இலிருந்து. மின்னூலும் ஒலிநூலும் 2023க்குப் பிறகுதான் சேர்ந்தன. சண்டை இல்லை, அமைச்சர் தேர்வு இல்லை, யாருக்கு என்று குழு கூடுவதில்லை, அதனால் செய்தியும் இல்லை. எனக்கு மட்டும் இது தெரியாமல் போகாது. வருடத்துக்கு இருமுறை அலமாரியில் இடம் பண்ண, யாரும் எடுக்காத புத்தகங்களைக் கழிப்போம். முதுகு வெளுத்த ஒரு கவிதைத் தொகுப்பைக் கையில் எடுத்து, கடைசியாகப் போனது ஆறு வருடத்துக்கு முன் என்று திரையில் பார்ப்பேன். விதிப்படி வண்டியில் போட வேண்டும். அந்தக் கவிஞரின் இரண்டு டாலர் என் கையில் இருக்கிறது என்று தோன்றும். சில சமயம் பேசாமல் திரும்ப வைத்துவிடுவேன். இதை என் மேலாளர் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன், அவருக்குத் தமிழ் தெரியாது.

நம் ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சங்கரி சந்திரன் 2023இல் மைல்ஸ் ஃபிராங்க்ளின் வென்றார், சிட்னியின் மேற்கில் ஒரு முதியோர் இல்லத்தில் நடக்கும் நாவலுக்கு. அவருடைய முதல் நாவல் ஆஸ்திரேலியத்தன்மை போதாது என்று இங்கே இடம் கிடைக்காமல் முதலில் கொழும்பில் வெளியானது. எஸ். சக்திதரனின் நாடகம் ‘கவுண்டிங் அண்ட் கிராக்கிங்’ 2020இல் விக்டோரிய மாநில அரசின் இலக்கியப் பரிசை, அதாவது ஒரு லட்சம் டாலரை, வென்றது. அதற்கு முந்தைய வருடம் அதே பரிசை வென்ற பெஹ்ரூஸ் பூச்சானி, ஆஸ்திரேலிய அரசு பாப்புவா நியூ கினியின் மானஸ் தீவில் அடைத்துவைத்த அகதி. கைபேசியில் வாட்ஸ்அப் செய்திகளாகவே புத்தகத்தை அனுப்பி எழுதியவர். ஓர் அரசு உள்ளே விடாத ஆளுக்கு இன்னோர் அரசு பரிசு கொடுத்தது என்பதால் அந்தச் செய்தி உலகம் முழுக்கப் போனது. சந்திரனின் நாவல் ஒரு வருடமாக எங்கள் அலமாரியில் அமைதியாக இருந்தது, இரண்டு பிரதி. பரிசு அறிவித்த வாரம் முன்பதிவு அறுபதைத் தாண்டியது. மதிப்புரையால் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை. ஏபிசி தொலைக்காட்சியின் புத்தக நிகழ்ச்சி 2017இல் நிற்கும்வரை, அதில் பேசிய மறுநாள் இப்படி நடக்கும்.

எதைப் படிப்பது என்றால்: நீண்ட மதிப்புரைக்கு ஆஸ்திரேலியன் புக் ரிவ்யூ, இணையத்தில் 2013இலிருந்து வரும் சிட்னி ரிவ்யூ ஆஃப் புக்ஸ். பத்திரிகைப் புத்தகப் பக்கத்தை ‘இன்ன புத்தகம் வந்திருக்கிறது’ என்ற தகவலுக்குப் படியுங்கள், அதற்கு அது நல்ல பக்கம். பிடித்த ‘ஆனால்’ எழுதுகிற இரண்டு மூன்று பேரின் பெயரை ஞாபகம் வைத்துக்கொண்டு அவர்களைப் பின்தொடருங்கள். பத்திரிகைக்குச் சந்தா கட்டத் தேவையில்லை. உங்கள் ஊர் நூலக அட்டையிலேயே இணைய வழியில் பெரும்பாலான பத்திரிகைகளை இலவசமாகப் படிக்கலாம், கவுண்டரில் கேளுங்கள். கேட்கும்போதே, நீங்கள் தேடி அங்கே இல்லாத உள்ளூர்ப் புத்தகம் ஏதாவது இருந்தால் வாங்கச் சொல்லி ஒரு படிவம் எழுதிப் போடுங்கள். எங்களுக்கு வாரத்துக்கு நாலைந்துதான் வரும், பெரும்பாலும் வாங்கிவிடுவோம். ஐம்பதாவது பிரதி அதுவாகக்கூட இருக்கலாம்.